நடுச்சுவர்

நுண்ணறிவுடையீர், மேற்கே சாய்ந்த ஞாயிறு ஓட்டுக்கூரைகளின்மேல் செம்பொன்னை உருக்கி வார்த்தாற்போல் ஒளிபரப்பும் இம்மாலைப் பொழுதில், பேரூரின் புறத்தே கிடக்கும் அப்பகுதியைக் காண்பீராக. முன்னம் பழத்தோட்டமாய்த் தழைத்து, பின்னர்ச் செங்கற்சூளைகளாய்ப் புகைந்து, இருப்புப்பாதை வந்த நாள்தொட்டு ஒரே அச்சில் வார்த்த வீடுகளாய் நிரைநிரையாக எழுந்த புறநகர் அது. விடியலில் தொடர்வண்டி அதன் மாந்தரையெல்லாம் அள்ளிச் செல்லும். அந்தியில் களைத்த முகங்களாய்த் திருப்பித் தரும். இடைப்பட்ட பகலில் தெருக்கள் நீர்வற்றிய ஓடைபோல் ஓசையற்றுக் கிடக்கும். பிறர் வாயிலை எட்டிப் பாராமையே அங்கு சால்பெனப்பட்டது.

அத்தெருக்களுள் ஒன்றில், கணவனை இழந்து, மகளையும் தொலைவில் மணமுடித்துக் கொடுத்து, தையற்பொறியின் ஓசையையே பேச்சுத்துணையாகக் கொண்டு வாழ்ந்தாள் ஒரு தையற்காரி. நடுச்சுவருக்கு அப்பால் இருந்தவர், பணி ஓய்ந்த வண்டியோட்டி. எதிர்ப்பட்டால் அவர் தலையசைப்பார், இவளும் அசைப்பாள். பல்லாண்டு உறவு அவ்வளவே.

ஒருநாள் முற்பகலில் சுவரில் தட்டும் ஓசை எழுந்தது. கிழவருக்கு இன்று வேலை ஓடுகிறது போலும் எனத் தனக்குள் நகைத்து, தைத்துக்கொண்டிருந்த மேலங்கியில் மீண்டும் கருத்தைச் செலுத்தினாள். உச்சிவேளையில் ஓசை தேய்ந்தது, பின்னர் நின்றது. மாலையில் அவர் இருமலும் கேளாமற் போகவே, பொறியை நிறுத்தி எழுந்தாள். அழையாத வீட்டில் நுழைவதா என்று வாயில்வரை சென்று திரும்பியவள், மறுபடியும் சென்று கதவைத் தள்ளினாள். அடுப்படியில், கால் முறிந்து, கையில் ஒற்றைச் செருப்புடன் கிடந்தார் அவர்.

"சுவத்தத் தட்டினேனேம்மா, கேக்கலியா?"

"கேட்டுச்சுங்கய்யா. ஆணி அடிக்கிறீங்கன்னு இருந்துட்டேன்."

அவர் சினந்தாரில்லை. நானாயினும் அவ்வாறே எண்ணியிருப்பேன் என்பார்போல் மெல்ல நகைத்து, தண்ணீர் கேட்டார். அவர் தலையைத் தன் மடியிலேந்திப் புகட்டினாள்.

மருத்துவமனையில் செவிலி, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று வினவினாள். உறவுக்குச் சொல் மலிந்த நம் மொழியில், அவள் நாவுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை.

"பக்கத்து வீடுங்க" என்றாள், சொன்னபின் தலைகுனிந்தாள்.

சின்னாள் கழித்து, அவள் கை தம் கையின்மேல் இருக்க, நீர்மேல் எழுந்த குமிழி அடங்குவதுபோல் அவர் அடங்கினார். அவரைத் தேடி வேறெவரும் வந்திலர்.

கல்லின்மேல் கல் அடுக்கினால் வீடு எழும். வீட்டின் அருகே வீடு எழுந்தால் தெருவும் ஆகும். ஆயின், ஒருவர் குரலுக்கு மற்றொருவர் எழுந்து வரும் நாள்வரை, அஃது ஊர் ஆவதில்லை.