இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

ரோவீனா இசைத்தட்டில் மூன்றாம் பாட்டின் மேல் முள்ளை இறக்கியதும் கட்டிலில் கிடந்த எல்வுட் கையைத் தூக்கினார். நாலு நாளாக அசையாத கை.

"அத நிறுத்து."

"உங்க பாட்டுதாம்ப்பா."

"நிறுத்துன்னா."

நிறுத்தினாள். சமையலறையில் ஓபல் அத்தை பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சாவு விழுந்த பிறகுதான் அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவருவது வழக்கம். கோல்டர் கிரீக் ஊர்ப் பெண்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? உருளைக்கிழங்கு சாலடும் அவித்த பன்றித்தொடையும் காலையிலேயே வந்துவிட்டன. பாத்திரம் மாறிப்போகக் கூடாதே என்று அடியில் அவரவர் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். துக்கம் வேறு, பாத்திரம் வேறு.

அந்தப் பாட்டைப் பற்றி ஊரில் கேட்டால் முடிதிருத்துகிறவர் ஒரு மணி நேரம் பேசுவார். எழுபதாம் வருடம், அதுவரை காது கிழிய மின்கித்தார் வாசித்துக்கொண்டிருந்த ஐந்து நீளமுடிக்காரர்களுக்குத் திடீரென்று மலைநாட்டுப் பாட்டின் மேல் ஆசை வந்தது. இங்கே ஒரு புகையிலைக் கொட்டகையைப் பிடித்து ஒலிப்பதிவு செய்தார்கள். மர அறுவை மில்லில் வேலை பார்த்த எல்வுட்டைக் கூப்பிட்டு இரண்டு நாள் ஃபிடில் வாசிக்கச் சொன்னார்கள். இசைத்தட்டு நாடு முழுக்கப் போனது. உறையில் எல்வுட் பெயர் இல்லை. இல்லாவிட்டால் என்ன, ஊருக்குத் தெரியாதா? மறுவருடமே அவர் ஃபிடிலை விற்றுவிட்டார். தலைக்கனம் என்றது ஊர்.

ரோவீனாவுக்கு அப்போது இரண்டு வயது. அப்பா வாசித்து அவள் கேட்டதெல்லாம் இந்தத் தட்டில்தான். புருஷன் விட்டுப்போன வருடம் அது தேயும்வரை கேட்டாள். அப்பா இனித் தேற மாட்டார் என்று டாக்டர் சொன்னபோதுகூட, இது ஒன்றாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

"அது நான் இல்ல" என்றார் எல்வுட்.

"எதுப்பா?"

"அந்த ரெக்கார்டிங் மிஷின்ல எட்டுத் தடந்தான், தடத்துக்கு ஒரு வாத்தியம். ஒண்ணுல நான் இருந்தேன். அப்புறம் சிட்டியிலேருந்து கைதேர்ந்தவன் ஒருத்தன் வந்தான். வேற தடம் காலியில்ல. என் தடத்து மேலயே அவன ஃபிடில் வாசிக்க விட்டாங்க."

"அப்ப அடியில உங்களது இருக்குமில்ல?"

"பெயின்ட்டாம்மா அது? அழிஞ்சிரும்."

"எப்பத் தெரியும்?"

"தட்டு வந்த அன்னிக்கே. முதல் வில்லிழுப்புலயே."

ரோவீனா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "வேற எங்கயாச்சும் வாசிச்சு வச்சிருக்கீங்களாப்பா? சும்மா, ஒரு கேசட்ல?"

அவர் கூரையைப் பார்த்தார். நாலு மணிக்கு அந்தப் பார்வையும் நின்றது.

அத்தை வந்து கண்ணை மூடிவிட்டாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு போனை எடுத்தாள்.

"பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன். சர்ச்சுல எங்கண்ணன் பாட்டப் போடுறோம். ஸ்பீக்கர் கொண்டாராங்க."

"வேணாம் அத்தை."

"ஏன்டீ? உங்கப்பன் வாழ்க்கையில உருப்படியாப் பண்ணது அது ஒண்ணுதான். அதையும் மூடி வைக்கச் சொல்றியா?"

ரோவீனா வாயைத் திறந்தாள். முப்பத்திரண்டு வருடம் ஊரே அவருக்கு வைத்திருந்த மரியாதை அத்தையின் முகத்தில் ஈரமாக நின்றது. தட்டை உறையில் போட்டு அத்தையிடம் கொடுத்தாள்.

வியாழக்கிழமை சர்ச்சில் நிற்க இடமில்லை. பாதிரியார் முடித்து, சவப்பெட்டியைத் தூக்குகிற ஆறு பேரும் முன்னால் வந்தபோது பாட்டு ஆரம்பித்தது. ஃபிடில் எழுந்தது. எங்கும் தலைகள் ஆடின.

"கேளுடி, எங்கண்ணன் கை" என்று அத்தை அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"ம்" என்றாள் ரோவீனா.

பாட்டுக்கு நடுவில் பெட்டியைத் தூக்குவது மரியாதையில்லை என்று அந்த ஆறு பேருக்கும் தோன்றியிருக்க வேண்டும். குனிந்தபடி, கைப்பிடிகளில் வைத்த கையை எடுக்காமல், அந்த வாசிப்பு முடியட்டும் என்று நின்றார்கள்.