நாக்பூருக்குப் போன குக்கர்

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுக்கும் பரிசில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாருக்கும் ஒரே பொருள்தான் தருவார்கள். 2006இல் மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் கொடுத்தார்கள். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அதில் இருந்த செல்வலட்சுமி, சுகப்பிரியா, பேச்சி மூன்று பேருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. இருந்தது ஒரே அடுப்பு, அதற்கு ஏற்கெனவே ஒரு குக்கர். புதிதாக மூன்று பெட்டிகள் வந்து சேர்ந்ததும் அந்த அறையில் கால் நீட்டிப் படுக்க இடமில்லை.

எனக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. நான் அப்போது தண்டலம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பைவிட ஒரு வியாபாரத்தில்தான் என் புத்தி இருந்தது. இன்டர்நெட்டில் ஓர் ஏல சைட் உண்டு. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டு விற்கலாம். என் அப்பா யாக்கோபு ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அவருக்கு வந்த டிராவல் பேக்கை ஒரு விளையாட்டுக்கு அதில் போட்டேன். எங்கேயும் பயணம் போகாத மனிதருக்கு அது எதற்கு? நாலாம் நாள் கோயம்புத்தூரில் ஒருவர் வாங்கிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அதன்பின் தெருவில் எந்த வீட்டில் பிரிக்காத சுவர்க்கடிகாரம் இருக்கிறது, எந்த வீட்டில் ஹாட் பாக்ஸ் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது.

கடை எனக்குத் தனியாக இல்லை. பஸ் ஸ்டாப் எதிரில் நடேசன் அண்ணன் வைத்திருந்த பிரவுசிங் சென்டர்தான் கடை. அங்கேயே எஸ்.டி.டி. பூத், அங்கேயே ஜெராக்ஸ். கேமரா வாங்க வக்கில்லாததால் பொருளைத் தூக்கிப் பிடித்து வெப்கேமில் படம் எடுப்பேன்.

"இன்னாமா, நீ எடுக்கற எல்லா போட்டோலயும் என் தலை பாதி வருது. வாங்கறவன் என்னையும் சேத்து அனுப்புன்னு கேட்டா இன்னா பண்ணுவ?" என்பார் அண்ணன்.

விற்றவை பதினொன்று. வாங்கியவர்கள் எழுதிய பதினொரு கருத்துகளும் நல்லவை. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே நான் பெருமையாகப் போடும் வரி ஒன்று உண்டு: 'கம்பெனி சீல் பிரிக்காதது.' அதனால் எந்தப் பெட்டியையும் நான் திறப்பதே இல்லை. அதை நேர்மை என்று நினைத்திருந்தேன்.

குக்கர்களை எடுக்கப் போன அன்று அறையில் சுகப்பிரியா மட்டும் இருந்தாள். மற்ற இருவரும் ஷிப்டில்.

"மூணையும் எடுத்துட்டுப் போளா. நடந்தா கால்ல இடிக்கி" என்று அவளே பெட்டிகளைத் திண்டாடித் தூக்கி வாசலில் வைத்தாள். மூன்று பேரும் விற்றுவிடச் சொன்னார்கள் என்றுதான் நான் நினைத்தேன், அவளும் நினைத்தாள். ஒரு பெட்டியில் மட்டும் கண்ணாடி டேப்புக்கு மேல் பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. பார்த்தேன். கம்பெனியில் ஒட்டியிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். இரண்டு குக்கர்கள் ஐதராபாத்துக்குப் போயின. பிரவுன் டேப் குக்கர் நாக்பூரில் தேஷ்பாண்டே என்பவருக்குப் போனது.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நடேசன் அண்ணன் கடையில் சைட்டைத் திறந்தால், என் பெயருக்கு நேராக முதல் சிவப்புப் புள்ளி, கெட்ட கருத்துக்கு அடையாளம். 'சீல் பிரிக்காதது என்றார்கள். பிரித்து மறுபடி ஒட்டிய பெட்டி வந்திருக்கிறது. பழைய பொருள். ஏமாற்று வேலை' என்று தேஷ்பாண்டே இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஏமாற்று வேலையா? நானா? பதில் எழுத அந்த சைட்டில் ஓர் இடம் உண்டு. அதில் எழுதினேன்: 'நீங்கள் பொய்யர். ஓசியில் குக்கர் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.' எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்து, மூன்று ஆச்சரியக்குறியும் போட்டேன். நாடே படிக்கட்டும் என்றுதான் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிகினு பூடும்." என் அம்மா கிளியம்மாளுக்கு என்மேல் உள்ள பிரியம் இப்படித்தான் வெளியே வரும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு செல்வலட்சுமி முதல் ஷிப்ட் முடிந்து வந்தாள். கொஞ்ச நேரத்தில் பின் அறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பாய், தலையணை, துணிமூட்டை எல்லாம் நடு அறையில் கிடந்தன. அவள் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா தேடற?"

"என் குக்கரு எங்களா? மத்த ரெண்டும் போனாலும் என்னது இந்தக் கட்டிலுக்கு அடியில கெடக்குன்னுல்லா நெனச்சேன்."

"வித்தாச்சே! மூணுமே போயிடுச்சு. சுகா தான எடுத்துக் குடுத்தா?"

செல்வலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அதுக்குள்ள என் பிளஸ் டூ மார்க் ஷீட்டு இருக்குளா" என்றாள். "கூரை ஒழுகுது. எலி வேற. குக்கர் மூடிய இறுக்கிட்டா தண்ணியும் போவாது, எலியும் போவாதுன்னு கவர்ல சுத்தி உள்ள வச்சு, பெட்டிய ஒட்டி வச்சிருந்தேன். வெள்ளிக்கெழம வெரிபிகேஷன். ஒரிஜினல் காட்டுனாத்தான் பெர்மனன்ட்டு. இல்லன்னா இந்த மாசக் கடைசியோட அனுப்பிருவாவ."

டூப்ளிகேட் வாங்க மாதக்கணக்கில் ஆகும். நாங்குநேரி பக்கம் அவள் ஊரில் அவள் அனுப்பும் சம்பளத்தில்தான் இரண்டு தங்கைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். 

பிரவுன் டேப் கண்முன்னே வந்து நின்றது. தேஷ்பாண்டே பொய் சொல்லவில்லை. அந்தப் பெட்டி பிரித்து ஒட்டியதுதான். ஒழுகும் கூரை எங்களுடையது, பார்க்காமல் அனுப்பிய கை என்னுடையது, பொய்யர் என்று திட்டிய வாயும் என்னுடையதுதான். இனி அந்த மனிதரிடமே போய்க் கையேந்த வேண்டும்.

"எழுந்திரு" என்றேன். "கூரியர் சீட்டுல அந்தாளு நம்பர் கீது, போன் போடலாம்."

நடேசன் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பூத்தில் இருந்த ஆளை வெளியே கூப்பிட்டு எங்களை உள்ளே விட்டார். இருவர் நிற்க முடியாத பெட்டி அது. செல்வலட்சுமி என் தோளில் மோவாயை வைத்துக் காதை ரிசீவரில் ஒட்டிக்கொண்டாள். அவள் யூனிபாரத்திலிருந்து வேர்வை நாற்றம் வந்தது. ஏழெட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு ஒரு வாய் சாப்பிடாமல் வந்திருந்தாள்.

எடுத்தவர் வயதானவர். நான் என் பெயரைச் சொன்னதும் குரல் மாறியது. "நாடு முழுக்கப் பார்க்கும்படி என்னைப் பொய்யர் என்று எழுதியவள் நீதானே?" என்று இங்கிலீஷில் கேட்டார். "முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தேன். ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை."

எனக்கு இங்கிலீஷே கொஞ்சம்தான். அந்த நேரத்தில் அதுவும் ஓடிப்போனது. "நான்தான் சார். நீங்கள் சொன்னது உண்மை. தப்பு என்னுடையது" என்றேன். பிறந்ததிலிருந்து அம்மாவிடம்கூட நான் சொல்லாத வார்த்தை அது. பிறகு குக்கரையும் மார்க் ஷீட்டையும் வெள்ளிக்கிழமையையும் தப்புத்தப்பாகச் சொல்லி முடித்தேன்.

ரிசீவர் எதன்மேலோ இடிக்கும் சத்தம். வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு டேப் கிழியும் சத்தம் கேட்டது. திருப்பி அனுப்புவதற்காக அவர் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாராம். ஏதோ உருண்டது, மூடி திறக்கும் சத்தம், அப்புறம் பிளாஸ்டிக் கவர் சரசரப்பு.

"செல்வ... லட்சுமி" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். செல்வலட்சுமியின் விரல்கள் என் கையில் அழுந்தின. "தமிழ் நூற்று எழுபத்தொன்பது. கெமிஸ்ட்ரி நூற்று எண்பத்திரண்டு. மேத்ஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு." ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி, ஒரு வாத்தியார் வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தார். எங்கேயோ இருக்கும் ஒரு மனிதர் தன் மார்க்கைச் சத்தமாகப் படிப்பதைக் கேட்டு, அதுவரை அழாத செல்வலட்சுமி அழுதாள்.

"மொத்தம் ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று" என்றார் தேஷ்பாண்டே. "அம்மா, இவ்வளவு மார்க் வாங்கிய பெண் ஏன் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள்?"

 நானும் அவளும் ஒரே வருஷம் அந்தப் பரீட்சையை எழுதியவர்கள். என் மொத்தம் எண்ணூற்று நாற்பத்தாறு. நான் காலேஜில் இருந்தேன். அவளும் மற்ற இருவரும் கொடுக்கும் வாடகையைச் சேர்த்துத்தான் அப்பா என் ஃபீஸைக் கட்டிக்கொண்டிருந்தார். இது எனக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் அவள் தலை என் தோளில் சாய்ந்திருக்கும்போது, ஓர் அந்நியர் கேட்டபோதுதான் அது என் மண்டையில் ஏறியது.

"நாளைக் காலை கூரியர் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆள் நான்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

எங்கள் ஊருக்குக் கூரியர்காரர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் காலேஜுக்கு மட்டம் போட்டு, ஸ்ரீபெரும்புதூர் கூரியர் ஆபீஸ் ஷட்டர் திறக்கும் முன்பே போய் நின்றேன். மெட்ராஸிலிருந்து வரும் வேன் எட்டரைக்கு வர வேண்டும். ஒன்பதாயிற்று, ஒன்பதரையாயிற்று. வெரிபிகேஷன் பதினொரு மணிக்கு. எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லி முடித்து, செல்வலட்சுமி வேண்டிக்கொள்ளும் இசக்கியம்மனுக்கும் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த அவசரத்தில் இரண்டு சாமிகளும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வேன் பத்தேகாலுக்கு வந்தது. உறையைப் பிரித்துப் பார்த்தேன். குக்கர் பெட்டி அட்டையையே இரண்டு துண்டாக அளவாக வெட்டி, நடுவில் மார்க் ஷீட்டை மடங்காமல் வைத்து, நான்கு பக்கமும் நூலால் தைத்திருந்தார். ஒட்டினால் தாளில் பசை படும் என்று தைத்திருக்கிறார். ஊசி நூல் எடுத்து உட்கார்ந்த அந்தப் பெரிய மனிதரை நினைத்ததும், அந்த ஆபீஸ் வாசலிலேயே என் கண் கலங்கிவிட்டது. பெற்ற அப்பாவாக இருந்தாலும் இதற்கு மேல் செய்திருக்க முடியாது.

ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய்க் கம்பெனி கேட்டை அடைந்தபோது பதினொன்றுக்குப் பத்து நிமிஷம். செல்வலட்சுமி லைனில் பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தாள். செக்யூரிட்டி கம்பிக்கு நடுவில் கைநீட்டி வாங்கி அவளிடம் கொடுத்தார்.  நெஞ்சோடு அட்டையை அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவள் பெர்மனன்ட் ஆனாள்.

சைட்டில் அந்தச் சிவப்புப் புள்ளியை எடுக்க வழியில்லை. தேஷ்பாண்டே கேட்டுப் பார்த்தாராம், விதி இடம் தரவில்லை. பதிலுக்கு அதன் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தார்: 'குக்கர் நல்ல குக்கர். மூடி இறுக்கமாக மூடுகிறது. விற்ற பெண்ணுக்குக் கோபம் அதிகம். தப்பை ஒப்புக்கொள்ளும் தைரியமும் அதிகம்.' அதற்குக் கீழே நான் எழுதியது ஒரே சொல், நன்றி. ஆச்சரியக்குறி எதுவும் போடவில்லை. அதன்பின் எத்தனையோ பொருள் விற்றேன். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு, 'பரிசோதிக்கத் திறந்தது' என்று எழுதித்தான் அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கூரையில் ஏறி உடைந்த ஷீட்டை மாற்றினார். நான் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செல்வலட்சுமி பிளாஸ்டிக் கவரோடு வந்தாள்.

"இத உங்க பீரோல வையிளா."

"என்னை நம்பியா? நாக்பூருக்கு அனுப்புனதே நான்தான்."

"ஒருக்கா தொலைச்சவ மறுவாட்டி தொலைக்க மாட்டா" என்று சிரித்தாள். "பிடி. கை வலிக்கி."

பின்னாலேயே சுகப்பிரியாவும் பேச்சியும் ஆளுக்கொரு கவரோடு நின்றார்கள்.

எங்கள் பீரோவில் வீட்டுப் பத்திரம் இருக்கும் தட்டில்தான் என் மார்க் ஷீட்டும் இருந்தது. அதை வெளியே எடுத்தேன். செல்வலட்சுமியுடையதையும் மற்ற இருவருடையதையும் மேலே வைத்து, என்னுடையதை அடியில் வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னது ஏன்டி அடியில பூடுச்சு?"

"அவங்க குடுக்கற வாடகை மேல தான்மா நான் நின்னுகினு கீறேன். இங்கயாவது அவங்களுது மேல இருக்கட்டும்" என்றேன்.

அம்மாவுக்கு என் வாய்க்கு என்றைக்கும் ஒரு பதில் உண்டு. அன்றைக்குப் பீரோவைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தாள்.