மாதிரி வீடு

அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. பாதி கட்டிய அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே ஜோடித்து வைத்த வீடு அது. டிவி வெறும் அட்டை. கூடையிலிருந்த ஆப்பிள்கள் பிளாஸ்டிக். அலமாரிப் புத்தகங்களுக்கு முதுகு மட்டும் உண்டு, வயிறு கிடையாது. இவற்றையெல்லாம் தினமும் துடைத்து வைப்பதுதான், ஊரிலிருந்து வந்த அவனுக்கு மாநகரம் கொடுத்த முதல் உத்தியோகம்.

வந்த புதிதில் ஒரு நாள், வேலை முடிந்ததும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து மனைவியை வீடியோவில் கூப்பிட்டான்.

"இதுவா நம்ம வீடு?" என்று அவள் வாயைப் பிளந்தாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு எழும்புவதற்குள் மாமனாரின் தலை திரைக்குள் நுழைந்து, "மாப்பிள்ளை கெட்டிக்காரரும்மா" என்றுவிட்டது. கல்யாணமானதிலிருந்து அந்த வாயிலிருந்து அவனைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை. அதைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

அன்றிலிருந்து சாயங்காலமானால் சோபா. அப்புறம் நாலு பேர் நெருக்கியடித்துப் படுக்கும் அறை. அங்கே அவனுக்கு 'ஜமீன்' என்று பெயர்.

"என்ன ஜமீன், அரண்மனையைப் பூட்டியாச்சா?" என்பான் கூட இருந்த பெயின்டர்.

"பூட்டியாச்சு. காலை மடக்கு, அங்கதான் என் தலை இருக்கு."

இந்தச் சிரிப்பெல்லாம் மனைவி அதைச் சொல்லும் வரைதான்: "வீடுதான் இருக்கே, எதுக்கு ஆளுக்கொரு பக்கம் கிடக்கணும்? பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அடுத்த மாசம் வந்துடறேன்."

 உண்மையைச் சொன்னால் வரமாட்டாள். சொல்லாமல் வந்து இறங்கினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அந்தச் சோபாவுக்கேற்ற பேச்சுதான் வந்தது.

ஒரு நாள் பேச்சுக்கு நடுவே இருமல் பிடித்துக்கொண்டது.

"முதல்ல தண்ணி குடிங்க."

போனும் கையுமாகப் போய்க் குழாயைத் திருகினான். பளபளக்கும் குழாய், பின்னால் வெறும் சுவர்.

"இவ்வளவு பெரிய வீட்டுல தண்ணி வரலையா?"

பதில் தேடுவதற்குள் கதவு திறந்தது. விற்பனை அதிகாரி. வருகிறவர்களிடம் வாழ்க்கைத் தரம் பற்றி வகுப்பெடுக்கிறவர்; டை இல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

"யோவ், இன்னுமா துடைச்சுக்கிட்டு இருக்கே? குஷன் அமுங்கிக் கிடக்கே, எவன்யா உட்கார்ந்தது? தட்டி வச்சுட்டுக் கிளம்பு. எனக்குப் பார்த்திருக்கிற பொண்ணு வீட்டுக்காரங்க என் வீட்டை வீடியோவுல பார்க்கணுங்கறாங்க."

சொல்லிவிட்டு டையை நீவிக்கொண்டு, அதே சோபாவின் அதே ஓரத்தில் உட்கார்ந்தார். முகத்தில் வீட்டுக்காரக் களை சொட்டியது.

அவன் கையிலிருந்த போனில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திரை அணைந்தது.

பஸ் ஏறத் தோன்றாமல் அறை வரை நடந்தான். மற்ற மூன்று பேரும் இருக்கும்போதே அவளைக் கூப்பிட்டான். எடுத்தாள். அவன் போனைத் திருப்பிக் காட்டினான். கொடியில் தொங்கும் சட்டைகள், சுருட்டிய பாய்கள், பக்கத்துக் கட்டடத்தின் முதுகைப் பார்த்த ஜன்னல். கேலி பேச வாயெடுத்த பெயின்டர், திரையில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இதுல உங்க இடம் எது?"

சுவரோரம் இருந்த பாயைக் காட்டினான்.

"ஏன் மறைச்சீங்க?"

"தெரிஞ்சா வரமாட்டேன்னு நினைச்சேன்."

"நான் என்ன சோபாவையா கட்டிக்கிட்டேன்?" குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்பா தெரு பூரா சொல்லி வச்சிருக்காரு. அவருகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க. அவர் சந்தோஷம் அவருக்கு."

"உனக்கு?"

"தாழ்ப்பாள் விழற கதவா ஒண்ணு பாருங்க. ஒத்தை ரூம்னாலும் சரி. அடுத்த மாசம்னு சொன்னது சொன்னதுதான். இன்னொரு தடவை பொய் சொன்னீங்க, அப்புறம் நான் பொல்லாதவ."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏறினான். வீட்டுக்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன வேலை?"

 நல்ல நல்ல பதில்களாகத்தான் வாயில் வந்து நின்றன.

"வீடு துடைக்கிறேம்மா."

"எத்தனை பேரு?"

"மூணு பேரு."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.