முள்கரண்டியும் மீன் குழம்பும்

என் வீட்டுக்காரர் உத்திராபதி பிறந்தது வீராம்பட்டினத்தில். மாமனார் வலை இழுத்த காசில்தான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆனால் துறைமுக ஆபீசில் வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பக்கத்தில் நின்று பேனா பிடித்ததில், கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது.

துரைகள் கப்பலேறிப் போய்ப் பல வருஷமாகிறது. இவர்தான் இன்னும் கீழே இறங்கி வரவில்லை. பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுத் தூதர் கோன்சலின் ஆபீசில் கையெழுத்துப் போடலாம் என்று சர்க்கார் அறிவித்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை ‘வீராயி’ என்று கூப்பிட்டவர் துரைசானிகளைக் கூப்பிடுவதுபோல் ‘மதாம்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பிரான்சிலிருக்கிற மர்செய் பட்டணத்துக்குப் போய்விடுவதாகத் திட்டம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அக்கா தங்கை எல்லாரும் இங்கே இருக்க, பனி கொட்டுகிற ஊரில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

பயணத்துக்கான பயிற்சி எங்கள் வீட்டு உப்புமாவில் தொடங்கியது. தினமும் காலையில் மேசையில் உட்கார்ந்து, முள்கரண்டியும் கத்தியுமாக உப்புமாவை அறுப்பார். உப்புமாவில் அறுக்க என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. முள்கரண்டியில் நாலு பருக்கை ஏறி வாய்க்குப் போவதற்குள் தட்டு ஆறி இறுகிவிடும். அப்புறம் நிஜமாகவே அறுக்க வேண்டியதுதான். நான் தரையில் உட்கார்ந்து, சூடான உப்புமாவில் முந்தின நாள் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். காலையில் மீன் தின்பது காட்டுமிராண்டித்தனமாம்.

“அந்த ஊர்ல உங்களுக்கு யாரு உப்புமா கிண்டித் தருவா? நான் வரமாட்டேன்” என்றேன்.

“நானே கிண்டிக்குவேன், மதாம்” என்றார்.

கையெழுத்துப் போடப் போகிற நாளன்று அடுப்படியை அவரிடமே விட்டுவிட்டு, அடுப்படி தெரிகிற மாதிரி கூடத்தில் கீரை ஆய உட்கார்ந்தேன். கோட்டோடு உள்ளே போனார். கடுகு வெடித்துக் கோட்டில் தெறித்தது. ரவையை வறுக்காமல், கொதிக்கிற தண்ணீரில் மொத்தமாகக் கவிழ்த்தார். கரண்டி பொம்பளை பிடிக்கிற சாமான் என்று நினைத்தாரோ என்னவோ, முள்கரண்டியால் கிளறினார். கட்டிகளெல்லாம் முள்ளுக்கு நடுவே நழுவி நழுவித் தப்பித்துக்கொண்டன.

முதல் வாய் தொண்டையிலேயே நின்றது. கதவோரமாக எட்டிப் பார்த்தேன். மனிதர் இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உறியிலிருந்த மீன் குழம்புச் சட்டியை இறக்கினார். ஒரு கரண்டி ஊற்றினார், இன்னொரு கரண்டி ஊற்றினார். முள்கரண்டி ஓரமாகப் போனது, ஐந்து விரலும் தட்டில் இறங்கின. கட்டியை நசுக்கிப் பிசைந்து, சங்கரா மீனை முள் நீக்கி, வழித்து வழித்துச் சாப்பிட்டார். அப்பனோடு கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை எங்கேயும் போய்விடவில்லை, கோட்டுக்குள்ளேதான் இருந்தான்.

நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

“அந்தக் கையாலயா கையெழுத்துப் போடப் போறீங்க? கோன்சலுக்கும் மூக்கு இருக்கும்ங்க.”

சோப்புப் போட்டுக் கழுவினார், முகர்ந்தார், மறுபடியும் கழுவினார். எலுமிச்சம்பழம் கேட்டார், தேய்த்தார். சங்கரா அவ்வளவு லேசில் விடுமா? கடைசியில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“நாளைக்குப் பாத்துக்கலாம், வீராயி.”

மறுநாளும் சட்டியில் குழம்பு இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது. கெடு முடிய இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. அதுவரை தினமும் கூடையை முதலில் என் வீட்டு வாசலில் இறக்கச் சொல்லி மீன்காரி ஆயம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.