காலி ஃபோல்டர்

எனக்கு வரவேண்டிய கூலி நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். பழங்காநத்தம் குடோனில் சிமெண்ட் மூட்டை இறக்கிய காசு. இறக்கும்போது முதலாளி பக்கத்தில்தான் நின்றார். கேட்கப் போனால் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பாக்கின்னு ஒண்ணுமே காட்டலையே, சுடலை. மிசின் பொய் சொல்லுமா?"

கம்ப்யூட்டர் பார்க்கிற ஆன்சன் வந்து குனிந்து பார்த்தான்.

"அண்ணே, இந்த டிஸ்க்ல இடமில்லன்னு கணக்க வேற டிஸ்க்ல வச்சிட்டு, இங்க அதுக்குப் போற வழி மட்டும் காட்டி வச்சிருந்தேன். நேத்து அப்டேட் போட்ட புரோகிராம் அந்த வழிய அழிச்சிட்டு, காலி ஃபோல்டர வச்சிருச்சு."

"கேக்காமலா?" என்றேன்.

"வழக்கமில்லாத அமைப்பா இருந்தா கை வைக்காம நின்னு கேக்கணும். அதுக்கு அம்புட்டு அறிவில்லண்ணே."

அவன் வழியைத் திரும்பப் போட்டதும் என் தொகை வந்தது. முதலாளி நாலாயிரத்தை மட்டும் நீட்டினார்.

"மிச்சம் ஆன்சன் கூலி. உங்கணக்கத்தானய்யா தேடுனான்?"

"நான் கூலியே கேக்கலையே சார்" என்றான் ஆன்சன்.

முதலாளி கூசவில்லை, சிரித்துக்கொண்டே மீதியையும் எடுத்து வைத்தார். எண்ணி வாங்கிக்கொண்டேன். திரையில் 'பைசல்' என்று விழுந்ததை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் கிளம்பினேன்.