பிரின்ஸ்டனின் மரண அறிவித்தல்

பாரிஸின் லா சப்பலில் ஒரு போன் கடையின் நிலவறையில் தொடங்கிய போஸ்ட்-பங்க் இசைக்குழு அது. டெனிஸ்டன் பேஸ் கித்தார், பொபினியில் பிறந்த யசோதினி பாட்டு, மத்தியூ டிரம்ஸ். குழுவின் பேர் ‘வதிவிடம்’. இரண்டு வருடமாக ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு டெனிஸ்டனுக்கு ஒரு யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம். தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள் அல்லவா, அந்தக் குரலில், பேஸ் இடிக்க இடிக்க ஒரு பாட்டு. “மன்னாரைப் பிறப்பிடமாகவும், வன்னியை வதிவிடமாகவும்” என்று தொடங்கும். செத்தவர் பேர் ஒன்று வேண்டுமே? 2009இல் வன்னியில் காணாமல் போன அண்ணன் பிரின்ஸ்டனின் பேரைப் போட்டான். தாளத்துக்குச் சொல் போதாத இடத்தில், செத்த திகதி என்று வாயில் வந்த ஒன்றையும் போட்டான். அம்மா றெஜினா இந்த இரைச்சலை எங்கே கேட்கப் போகிறார் என்ற துணிவு.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பெர்லினில், பிரசெல்சில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பொருள் தெரியாமலே அண்ணனின் பேரைச் சேர்ந்து கத்தினார்கள். டெனிஸ்டனின் கால் நிலத்தில் இல்லை.

ஒரு ஞாயிறு, மரக்கறிக் கடையில், அந்தப் பாட்டைப் போனில் கேட்டிருந்த ஊர்க்காரி மனோரஞ்சிதம் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. உறுதியான செய்தி வராமல் யாராவது மரண அறிவித்தல் கொடுப்பார்களா என்றுதான் அவர் நினைத்தார்.

“ஆரடா உனக்குத் திகதி சொன்னது?”

“அம்மா, அது...”

“ஆரும் கண்டவையோ? எத்தினை நாளாய் எனக்கு ஒளிச்சனி?”

அந்த முகத்துக்கு முன்னால் அவனுக்கு உண்மை வாயில் வரவில்லை.

“ஓம். ஒராள் கண்டவராம்” என்றான், பாவி.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அம்மா வாய்விட்டு அழுதார். அடுத்த ஞாயிறே கோயிலில் அண்ணனின் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்.

யசோதினி கொதித்துப்போனாள்.

“நீ சும்மா போட்ட திகதியெண்டு போய்ச் சொல்லு. சொல்லாட்டி நான் இனி மேடை ஏறமாட்டன்.”

நாளைக்கு, நாளைக்கு என்று அவன் சாட்டுச் சொன்னான். அவள் லியோன் கச்சேரிக்கு வரவில்லை. பாடகி இல்லாத குழுவை வைத்து மத்தியூ என்ன செய்வான், அவனும் போய்விட்டான். ‘வதிவிடம்’ அத்தோடு சரி.

காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றுக்கு அம்மா மாதாமாதம் போன் எடுப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எண்ணை அழுத்திவிட்டு அவனிடம் நீட்டினார்.

“இதைச் சொல்லுற அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வராது. நீ சொல்லு மகன், இனிப் பிள்ளையைத் தேட வேண்டாமெண்டு.”

இறந்தது உறுதிதானா என்று மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். அம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம், உறுதிதான்” என்று டெனிஸ்டன் நல்ல பிரெஞ்சில் சொன்னான். அண்ணனைத் தேடும் கோப்பை மூடிவிடுகிறோம் என்றாள் அவள்.