ஒன்பது வீடுகளுக்குச் சொல்ல வேண்டியது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஒரு சங்கத்தார் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள்: மறதி நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டார் முதலில் செய்ய வேண்டியது என்ன? 'முதலாவதாக, நோயாளியிடம் பக்குவமாக' என்று தொடங்கினேன். 'பக்குவமாக'வுக்குப் பிறகு பேனா நகரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா நினைவுக்கு வந்துவிட்டார்.

2

1984. ஈப்போவில் டாக்டர் அறையை விட்டு வெளியே வந்த செல்லாயியின் கண்களில்

(வேண்டாம். அவர் அழவில்லை.)

கணவர் ராமையா, கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு வேலை போன பிறகு புந்தோங்கில் பள்ளி வேன் ஓட்டியவர். ஒன்பது வீட்டுப் பிள்ளைகள். இரண்டு வாரத்துக்கு முன் பிள்ளைகளோடு பள்ளியைத் தாண்டி லகாட் ஊர் வரைக்கும் போய், வழி தெரியாமல் வண்டியை ஓரங்கட்டி நின்றிருந்தார்.

டாக்டர் செல்லாயியைத் தனியாக அழைத்து மூன்று விஷயம் சொன்னார். இனி அவர் வண்டி ஓட்டக்கூடாது. சட்டைப்பையில் பெயரும் முகவரியும் எப்போதும் இருக்கட்டும். கையெழுத்துப் போட வேண்டியவற்றைத் தெளிவு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அவரிடம் இதை யார் சொல்வது என்று மட்டும் சொல்லவில்லை.

3

(ராமையா கோபத்தில் தட்டை வீசுவதாக ஒரு பக்கம் எழுதினேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கிழித்துவிட்டேன்.)

செல்லாயி சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

"டாக்டரு மறதி நோயின்னு சொல்றாரு. போகப் போகக் கூடுமாம். வேன் ஓட்ட வேணாம்லா."

ராமையா சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

"அப்ப நானே வீடு வீடாப் போயி சொல்லிட்டு வாரேன். அடுத்தவங்க வாயால அவங்களுக்குத் தெரியக் கூடாது."

4

இருவரும் நடந்தே போனார்கள். மூன்றாவது வீடு ஞானம்மா டீச்சருடையது, யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

"ஏன் ராமையாண்ணை, திடீரெண்டு நிப்பாட்டுறீங்கள்?"

"மறதி வந்துருச்சு டீச்சர். உங்க புள்ளய எங்கயாச்சும் எறக்கி விட்டுட்டா, நான் என்ன பண்ணுவேன்?"

டீச்சர் உள்ளே போய் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்தார்.

ஆறாவது வீட்டைத் தாண்டியதும் ராமையா மறுபடியும் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். செல்லாயி கையைப் பிடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. ராமையா அதையே முதலிலிருந்து சொன்னார். முதல் தடவை கேட்பவர் போலவே டீச்சர் நின்று முழுக்கக் கேட்டார்.

(கட்டுரையில் இதை எங்கே சேர்ப்பது?)

5

ஒன்பது வீடுகளும் முடிந்தன. வேன் வேறு ஆளிடம் போயிற்று. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலை ராமையா வேன் ஓட்டும்போது போடும் காக்கிச் சட்டையை எடுத்து மாட்டினார்.

"நேரமாச்சு. புள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும்."

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் செல்லாயி உண்மையைச் சொல்கிறார்; அந்த மனிதர் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டு உடைந்துபோகிறார். மற்றதில் "இன்னிக்கு ஸ்கூல் லீவுலா" என்கிறார். ராமையா சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறார். வீடு வீடாக நடந்து உண்மை சொன்னவரிடம் பொய் சொல்ல எனக்குக் கை வரவில்லை. உண்மையை எழுதவும் கை வரவில்லை. நாளைக்கும் அவர் அந்தச் சட்டையை எடுப்பார்.

செல்லாயி அக்கா எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எதைச் சொல்வதென்று நீங்கள் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரமாக. ராமையா கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.